வீடு வாங்கினவள்தானே பார்க்க வேணும்?

"வீடு வளவு அவளுக்குத்தானே குடுத்த, அவள் பார்க்கட்டும்."

இந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். அம்மா தம்பிலுவிலில் பாரிசவாதத்தில் விழுந்து மூன்று வருசம். கூட இருப்பவள் தங்கச்சி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாயும் மகளும் ஒரே வளவில் இருப்பது எங்கள் பெண்களுக்குப் பெரிய பலம் என்று பெருமையாகப் பேசுவோம். உண்மைதான். ஆனால் அந்த வீட்டு உறுதியைக் காட்டியே ஆண்பிள்ளைகள் நாங்கள் கைகழுவியும் விடுகிறோம்.

போன மாதம் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் போய் நின்றேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அம்மாவைத் திருப்பிக் கிடத்த வேண்டும். குதிக்கால் மெத்தையில் முட்டாமல் பழைய சாரத்தை மடித்துக் கெண்டைக்காலுக்குக் கீழே வைக்க வேண்டும். கஞ்சி பருக்கும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்காவிட்டால் புரையேறும். எல்லாம் காய்ச்சலோடு கிடந்தவள் அடுத்த அறையிலிருந்து சொல்லித் தந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு அலாரம் அடிக்க, அவளும் எழும்பி வந்து நிற்கிறாள்.

"நீ படு புள்ள, நான் பார்க்கிறன்."

"நித்திரை வருகுதில்ல அண்ணா. பழகிட்டுது."

மூன்று வருசத்தில் ஒரு இரவும் அவள் முழுசாக உறங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது. அதில் மகன், மகள் என்ற பிரிவில்லை. ஆனால் 2013இல் வந்த 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற அரசாங்க விதியோ, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தாயிடம்தான் 'பிள்ளையை யார் பார்ப்பது' என்று கேட்டது. கட்டாருக்குப் போகும் தகப்பனிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டு நினைப்பேதான் அரசாங்கத்துக்கும்.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மரணாதாரச் சங்கம் உடனே கதிரையும் பந்தலும் கொண்டுவந்து இறக்கும். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், அயல் வீட்டுச் சோறு வரும். 31ஆம் நாள் அமுது வரைக்கும் ஆள் குறையாது. யாரும் கேட்காமலே இவ்வளவும் நடக்கிற ஊரில், உயிரோடு படுத்திருக்கிற மூன்று வருசத்துக்கு ஏன் ஒரு முறையும் இல்லை? காசு கேட்கவில்லை. கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒருவர் வந்து அம்மாவோடு இருந்தால் போதும். தங்கச்சிக்கும் சுகர் இருக்கிறது. கிளினிக் போய் ஐந்து மாதம்.

ஊரைக் கேட்க முதல் எங்கள் வீட்டில் தொடங்கியிருக்கிறோம். தம்பிமாரோடு பேசி, வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரைக்கும் முறை வைத்திருக்கிறோம். வாற வெள்ளி என்னுடையது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்கப் போகிறேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் படுக்கையில் ஆள் இருக்கிற வீடு நாலு. நம்ம ஊர் ஆட்கள் இதை வாசித்தால் அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க.