‘பிரம்புக்குத்தான் தடை, கட்டிவைக்கலாம்’ என்பது பொய்

வெள்ளவத்தைப் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “பள்ளிக்கூடத்தில் அடிக்கத்தான் தடை. குழப்படி செய்யும் பிள்ளையைக் கதிரையில் கட்டிவைக்கலாம், ‘டைம் அவுட்’ என்று அறையில் பூட்டலாம்.”

இது தவறு. இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றுநிருபம் போட்டு உடல் தண்டனையைத் தடைசெய்தது உண்மைதான். ஆனால் சட்டம் பிரம்போடு நிற்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே துன்புறுத்தினால், தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி குற்றம். மனப்பாதிப்பும் அதில் அடங்கும். ஒருவரை முறையின்றி அடைத்துவைப்பது தனிக் குற்றம். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இழிவான நடத்துகையையும் தடுக்கிறது. ஆசிரியர் ஒருவர் மாணவனின் காதில் அறைந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2021இல் அதை வைத்தே தீர்ப்பளித்தது.

வீதிக்கு ஓடப் பார்க்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது வேறு விஷயம். ஆபத்து நீங்கியதும் கையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். டைம் அவுட் என்றால் சில நிமிடங்கள், கதவு திறந்தபடி, ஆசிரியரின் கண் முன்னால்.

பேச்சு வராத, ஓட்டிசம் உள்ள பிள்ளையால் பூட்டிய அறைக்குள் நடந்ததை வீட்டில் வந்து சொல்ல முடியாது. மணிக்கட்டில் சிவந்த கோடு, புத்தகப் பையைக் கண்டதுமே அழுகை, இவற்றைக் கவனியுங்கள். சந்தேகமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.