சிக்குன்குனியா மூட்டுவலிக்கு ‘மூன்று ஊசி’: வாட்ஸ்அப் தகவல் தவறு

“காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் மூட்டு வலித்தால் கிருமி எலும்புக்குள் தங்கிவிட்டது, டெக்ஸாமெத்தசோன் ஊசி மூன்று போட்டால் வெளியேறிவிடும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சிக்குன்குனியா கிருமியை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ரத்தத்தில் அது ஏறக்குறைய ஒரு வாரமே இருக்கும். அதன்பின் நீடிக்கும் வலிக்கு முக்கியக் காரணம் மூட்டுகளில் தொடரும் அழற்சி. சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். உலக சுகாதார நிறுவன இணையதளத்தின் சிக்குன்குனியா பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்குவதால் மறுநாளே குணமானதுபோல் தோன்றும். மருந்தின் வேகம் தணிந்ததும் வலி திரும்பலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து: ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென ஏறும். மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தவும் கூடாது.

காலையில் விரல் மடங்காமல், சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் இருந்தால், கை பொறுக்கும் வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, நீருக்குள்ளேயே மெதுவாக மடக்கி விரியுங்கள். மூட்டு சிவந்து வீங்கியிருந்தால் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை பெரியவர்களுக்கு ஆறு மணி நேர இடைவெளியில். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டே போடவேண்டும். வீக்கம் மூன்று மாதம் தாண்டினால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். அது முடக்குவாதமா என்றும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.