கடற்பாசி எடுப்பவர்கள் எந்தக் கணக்கில்?
‘பெரும்பாலானோருக்குப் பெருமளவு நன்மை’ என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெந்தாமின் அளவுகோலே அரசு நலத்திட்டங்களுக்குப் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ரேஷன் அரிசிக்குச் சரி. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம், எங்கள் ஏர்வாடிப் பக்கம் வந்து பாருங்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்; அதனால் அங்கே போகத் தடை. பவளப்பாறை பிழைத்தால் மீன் பெருகும், எல்லாருக்கும் லாபம், நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்களுக்கு அந்தத் தீவோரம்தான் பிழைப்பு. கூட்டல் கழித்தலில் அவர்கள் சின்ன எண். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, அதற்கு நிவாரணமும் உண்டு. தீவுத் தடைக்கு முடிவுத் தேதியே கிடையாது. அப்புறம், நன்மையைக் கூட்டிப் பார்ப்பவர் யார்? கரையில் நிற்பவரா, தண்ணீருக்குள் இருப்பவரா?