ஜீரோ விமானத்தின் பெயர்: ஒரு திருத்தம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கடற்படைப் போர்விமானம்தான் ஜீரோ. “கவசத் தகடு ஜீரோ என்பதால் நேச நாடுகள் அந்த ஜப்பானிய விமானத்துக்கு ஜீரோ என்று ரகசியப் பெயர் வைத்தன” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடக்க மாடல்களில் விமானிக்குக் கவசம் இல்லை என்பது சரி. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜப்பானியக் கடற்படை, விமானம் சேவையில் சேர்ந்த ஆண்டின் கடைசி ஓரிரு இலக்கங்களைத்தான் பெயராக்கியது. ஆண்டுக்கணக்கு ஜப்பானிய ஏகாதிபத்திய ஆண்டுப்படி. 1940 என்பது அவர்களுக்கு 2600. ஆகவே ‘டைப் 0’. 1937 என்றால் 2597, அதனால் ‘டைப் 97’. கூத்து என்னவென்றால், அதே 2600-க்கு ஜப்பானியத் தரைப்படை ‘டைப் 100’ என்று வைத்துக்கொண்டது! ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு கணக்கு.

ஜீரோவின் ஏ6எம்2 என்ற குறியீட்டை இப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும்: ஏ என்றால் கப்பல்தளப் போர்விமானம், 6 அந்த வரிசையில் ஆறாவது வடிவமைப்பு, எம் மிட்சுபிஷி, 2 இரண்டாவது மாடல்.

நேச நாடுகள் வைத்த பெயர் ‘ஸீக்’. போர்விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர்: ‘கேட்’, ‘வால்’, ‘பெட்டி’ என்ற ஆங்கிலப் பெண் பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் இந்தப் பெயரிடும் முறை 1942 நடுவில்தான் உருவானது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ‘ஸீக் வருகிறது’ என்று யாரும் கூவியிருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று: ஜீரோ என்று காட்டப்படும் ஒரு படத்தில் இருப்பது ஜீரோவே இல்லை என்றால் வியப்பில்லை. ஜப்பானியத் தரைப்படையின் கி-43 போர்விமானம், அதாவது நேச நாடுகளின் பெயரில் ‘ஆஸ்கர்’, பார்வைக்கு ஜீரோவைப் போலவே இருக்கும். அன்றைய விமானிகளே அடிக்கடி குழம்பினார்கள்.