ஸ்டிக்கரைப் பார்த்த பையன்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ராயபுரத்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தோம், பின்னால் மனைவி, மடியில் பைபிள் பை. கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி, அதுவும் ஊர்ந்து ஊர்ந்து போய் நடுவில் நின்றும்விட்டது. மண்டை பிளக்கும் வெயில். அப்போது சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் சந்தில் புகுந்து முன்னால் போகப் பார்த்து, என் வண்டியில் ஒரு கோடு போட்டுவிட்டான். சின்னக் கோடுதான். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவன் பதிலே பேசவில்லை. என் வண்டி முகப்பில் 'இயேசு உன்னை நேசிக்கிறார்' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், அவ்வளவுதான். கேட் திறந்ததும் போய்விட்டான்.

அன்றைக்குக் காலையில் வாசித்த பகுதி எது தெரியுமா? 1 கொரிந்தியர் 13. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது." ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எனக்குக் கோபம் ஜாஸ்தி, பொறுமை கம்மி என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்காரர் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனால் வாயைத் திறப்பதில்லை. ஆபீஸில் மேலே இருப்பவர் எத்தனை தடவை மட்டம் தட்டினாலும் 'சரி சார்'. ஆக, பொறுமை என்னிடம் நிறையவே இருக்கிறது, அதை யாரிடம் காட்டுவது என்று ஆள் பார்த்துச் செலவு பண்ணுகிறேன். டெலிவரி பையன், ஷேர் ஆட்டோக்காரர், மீன் விற்கிற அம்மா, இவர்களிடம் மட்டும் எனக்கு மூக்கின் நுனியில் கோபம்.

அந்த 13ஆம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டில் வாசித்து வாசித்து மணமக்களுக்கான வசனமாகவே ஆக்கிவிட்டோம். அப்போஸ்தலன் பவுல் இதைக் கடிதமாக எழுதியது, தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த கொரிந்து ஊர்ச் சபைக்கு. இரண்டு அதிகாரம் முன்னால் 11ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்: கர்த்தருடைய பந்தியிலேயே தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்துக் கிடக்கிறான், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் காய்ச்சி எடுக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நீடிய சாந்தம் என்றது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தயவு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் கலந்து, படகும் வலையும் கறுப்பாகிப் போய் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். அப்படி நிற்கிறவர்களிடம் போய்ப் 'பொறுமையாக இருங்கள், ஜெபம் பண்ணுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது சுவிசேஷமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் கோபத்தில் ஒரு கோடுதான் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, இயேசுவே தேவாலயத்தில் மேஜையைக் கவிழ்த்தார் தெரியுமா என்று சொல்லித் தப்பிக்கிற ஆளாக நானும் இருந்திருக்கிறேன். அவர் காசு மாற்றுகிறவர்களின் மேஜையைத்தான் கவிழ்த்தார், அங்கேயே தம்மிடம் வந்த குருடரையும் சப்பாணியையும் குணமாக்கினார். மத்தேயு 21இல் முதலாவது 12ஆம் வசனம், இரண்டாவது 14ஆம் வசனம்.

'ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாமா' என்று மனைவியிடம் கேட்டேன். "அது என்ன பண்ணுச்சு பாவம்" என்றார்.

இந்த வாரம் முயற்சி பண்ணிப் பார்த்தேன். புதன்கிழமை லாரி வந்தபோது பக்கத்து சந்து அக்கா வழக்கம்போல நான்கு குடத்தோடு கடைசியில் வந்து, "தம்பி, ஒரே ஒரு குடம் மட்டும்" என்றார். வழக்கமாக நான் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை, அவர் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், வழி விட்டேன். அக்கா நான்கையும் பிடித்துக்கொண்டார், அது வேறு விஷயம். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் பிடித்துக்கொண்டார் பாருங்கள்: "நீ நல்லவனா இருக்கறதுக்கு என் தண்ணிதான் கிடைச்சுதா?"

அவர் கேட்டதும் சரிதான். என் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். என் முறை வருவதற்குள் லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வீட்டில் விழுந்த திட்டு தனிப் பதிவு.