முதல்முறையாகவா?

நம் கோவையில் புதிதாக வந்திருக்கும் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் கால்பந்து மைதானம், அதன் திறப்பு விழாப் பேச்சை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாட்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. "கொங்கு மண்ணுக்கு முதல்முறையாகக் கால்பந்தைக் கொண்டுவந்திருக்கிறோம்" என்றார் மேடையில் பேசியவர். உடனே கைதட்டல். தட்டியவர்களில் நான்கு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை என்னோடு கத்தியவர்கள். பேசியவரை விட அவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

அன்று நாடு தழுவிய கால்பந்துப் போட்டியான ஐ-லீக்கில் எங்கள் கடைசி ஆட்டம். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி வென்றால் கோப்பை நிச்சயம். கோப்பைக்குப் போட்டியாக இருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே எங்களை எதிர்த்து ஆடிய மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை எங்கள் வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நம் பெட்ரோ மான்சியின் பெனால்டி கோல். அதன்பின் கௌரவ் போரா, ஒன்றல்ல, இரண்டு. 3-1. நாம் 43 புள்ளிகள். அங்கே வென்றும் ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி கோப்பையைத் தூக்கியது நம் கோவையில், வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே மைதானத்தில். இதற்குப் பிறகு என்ன முதல்முறை?

"பெயரிலேயே சென்னை இருக்கிறது, உங்களுக்கு என்ன சொந்தம்?" என்று கேட்பார்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். மழைக்கும் வெயிலுக்கும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர்கள் சிங்காநல்லூர்க்காரர்களும் உக்கடத்துக்காரர்களும். "ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்தானே ஜெயித்துக் கொடுத்தார்கள்?" என்பார்கள். எந்தப் பெரிய அணியில் வெளிநாட்டவர் இல்லை? இதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

"அந்த அணியே இப்போது இல்லையே" என்பதுதான் உண்மையில் வலிக்கும் கேள்வி. இல்லைதான். கொரோனா காலத்தில் 2020-21 ஆட்டங்கள் எல்லாம் வங்காளத்தில் நடந்தன. அடுத்த சீசனில் அணியே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாட்டின் சாம்பியன், பிறகு சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. ஆனால் இல்லாமல் போனது வேறு, இருந்ததே இல்லை என்பது வேறு. செத்தவரைப் பிறக்கவே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, மில் தொழிலாளி. காலை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வீட்டுக்கு வரமாட்டார். மில்லுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போய்விடுவார். பஞ்சுத்தூசி ஒட்டிய தலையோடு இருட்டும்வரை பந்து. 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அவர் காலையில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். சென்னையிலிருந்து இந்தியன் பேங்க் அணி அதில் ஆடியது. ஆனால் அவர் மனம் முழுக்க பஞ்சாபின் பக்வாராவிலிருந்து வந்த ஜே.சி.டி. மில்ஸ் மீதுதான். பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் ஆடிய அணி. முதல் கோப்பையை அவர்கள் வென்ற அன்று தெருவில் போவோரை எல்லாம் நிறுத்தி, "ஒரு துணி மில் அணி ஜெயித்திருக்கிறது" என்று சொன்னார். தானே ஜெயித்ததுபோல.

அந்த லீக் 2007-ல் முடிந்து ஐ-லீக் ஆனது. ஜே.சி.டி. அணியை 2011-ல் கலைத்தார்கள். அப்பிச்சியின் மில் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பிராவிடண்ட் பண்ட் பணத்துக்காக அவர் நடந்த நடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கை நடுங்கும்.

"நல்ல முயற்சியை ஏன் கெடுக்கிறாய்?" என்று இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நான் கெடுக்கவில்லை. பிள்ளைகள் ஆடட்டும், பத்து டர்ஃப் வரட்டும். என் மகளையே அங்கே சேர்க்கத்தான் போகிறேன். மணிக்கு இவ்வளவு என்று வாங்குவதிலும் எனக்குத் தகராறு இல்லை. "முதல்முறை" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறேன். அது பெரிய வேண்டுகோளா?

ஏன் இத்தனை கோபம் என்றால், அந்த டர்ஃப் இருக்கும் இடம் எது என்று மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பிச்சியின் மில் மைதானம் அது. இப்போது கார்கள் நிறுத்தும் மூலையில்தான் மேற்குப் பக்க கோல் கம்பம் நின்றது. சின்ன வயதில் அதற்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறேன்.

நேற்று மாலை அவருக்கு அந்த வீடியோவைக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். எண்பத்திரண்டு வயது. முழுவதும் பார்த்தார், இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "அப்படியானால் நாங்கள் ஆடியது என்ன, கண்ணு?"