ஐபிஎல்லுக்கு முன்பே சரிந்த கதை

"ஐபிஎல் பணம் வந்த பிறகுதான் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து செத்துப்போனது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்கச் சரி போலத்தான் இருக்கிறது, ஆனால் வருடக் கணக்கு இடிக்கிறதே!

ஐபிஎல் தொடங்கியது 2008-ல். 1980-க்குப் பிறகு ஒரு டெஸ்ட் தொடரும் தோற்காத அந்த அணி, 1995-லேயே சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டது. கிங்ஸ்டன் சபீனா பார்க்கில் ஸ்டீவ் வாஹ் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 200 அடித்த அதே தொடர். அப்புறம் 1998-99-ல் தென்னாப்பிரிக்காவில் 5-0 எனத் தோல்வி. 2000-ல் இங்கிலாந்தின் லார்ட்ஸில் 54 ரன்னுக்குச் சுருண்டபோது வேகப்பந்து ஜாம்பவான்கள் ஆம்ப்ரோஸும் வால்ஷும் அணியில்தான் இருந்தார்கள். 2004-ல் அதே சபீனா பார்க்கில் 47 ரன்னுக்குச் சுருண்டது. இதில் எதற்கு ஐபிஎல்லைக் குறை சொல்வது?

என்னைக் கேட்டால், அதிகம் பேசப்படாத காரணம் இங்கிலாந்து கவுன்டி கிரிக்கெட், அதாவது அங்குள்ள உள்நாட்டு அணிகளின் போட்டிகள். மார்ஷல் ஹாம்ப்ஷயரில், கார்னர் சோமர்செட்டில், வால்ஷ் க்ளஸ்டர்ஷயரில் என்று கோடை முழுக்க ஓவர் ஓவராக வீசித்தான் உரமேறினார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கான அந்தக் கதவு குறுகியது. உள்ளூர் ஆடுகளங்களும் மந்தமாகின. ஆம்ப்ரோஸ், வால்ஷ் போன பிறகு அந்த இடத்துக்கு வர ஆளில்லை.

டி20 பணம் பின்னாளில் வீரர்களை இழுத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் "செத்துப்போனது" என்பதும் அதிகம். 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் காலடியில் வீசிய யார்க்கரில் அடிபட்ட கால்விரலோடு வந்து வெஸ்ட் இண்டீஸின் ஷமார் ஜோசப் 7 விக்கெட் எடுத்ததைப் பார்க்கவில்லையா?